வழிக்களைப்பும் வழிச்செலவும்

கண்டிச்சீமை என்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் அழைத்த இலங்கை மலைநாட்டுக்குப் போவதென்றால், 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது கால்நடையாகப் போவதுதான். இன்று நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்பவர்கள் அப்படி நடந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். அல்லது அவர்களுக்குப் பின் கப்பலிலும் ரயிலிலும் வந்தவர்களின் வழிவந்தவர்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை ஏக்கர் காடு அழிந்தது, எவ்வளவு கோப்பியும் தேயிலையும் ஏற்றுமதியாயின என்பவை அரசாங்கப் பதிவுகளில் ஒழுங்காக இருக்கின்றன. வந்து சேர்ந்த உடம்பு எந்த நிலையில் இருந்தது, அந்த வழிப்பயணத்தின் செலவு யார் பெயரில் எழுதப்பட்டது என்பவற்றை அந்தப் பதிவுகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பயணம் தேயிலைக்கு முந்தியது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் திறந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து அங்கே உற்பத்தி சரிந்ததும், 1830களின் பிற்பகுதியில் கண்டிப் பகுதியின் மலைச்சரிவுகள் வேகமாகக் கோப்பிக் காடுகளாயின. கோப்பிச் செடிக்கு ஆண்டு முழுவதும் ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் பெருங்கூட்டம் வேண்டும். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளில் நிலமில்லாமல் பண்ணையாட்களாகவும் கூலிகளாகவும் கிடந்தவர்கள் அந்தப் பருவத்துக்கு வந்தார்கள். பருவம் முடிந்ததும் திரும்பினார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஒருவன் இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தால், மலைக்கும் ஊருக்குமாக அதே வழியை நாலு முதல் ஆறு முறை கடந்தவனாவான்.

பயணம் நான்கு கட்டமாக நடந்தது. முதலில் ஊரிலிருந்து கடற்கரைக்கு: தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் போன்ற துறைகளுக்குப் பல நாள் நடை. அடுத்தது தோணிப் பயணம். பாக்கு நீரிணை குறுகிய கடல்தான். காற்று துணை இருந்தால் ஓரிரவில் கரை சேரலாம். காற்று திரும்பினால் கூரையில்லாத தோணியில், குடிதண்ணீரை அளந்து குடித்துக்கொண்டு நாட்கணக்கில் கிடக்க வேண்டும். தோணிகள் தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு ஆகிய கரைகளில் ஆட்களை இறக்கின. மூன்றாவது கட்டம் மன்னாரிலிருந்து மாத்தளை வரை, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாகச் சுமார் 150 மைல். ஆங்கிலேயர் இதை வடக்குப் பாதை என்று குறித்தார்கள். மாத்தளைக்குப் பிறகு நான்காவது கட்டம், மலையேற்றம்.

இந்த நான்கிலும் ஆட்களைக் கொன்றது மூன்றாவதுதான். மன்னாரைத் தாண்டியதும் பாதை வறண்ட வலயத்துக்குள் நுழைகிறது. பழங்கால அரசர்கள் கட்டிய குளங்கள் பெரும்பாலும் உடைந்து தூர்ந்துபோய், குடியிருப்பு அருகிப்போன காடு அது. ஓகஸ்ட் முதல் நவம்பர் வரையான பறிப்புப் பருவத்துக்கு மலையில் இருக்க வேண்டுமென்றால், அந்தப் பகுதியின் கடும் வறட்சிக் காலத்தில் அதைக் கடக்க வேண்டும். குளங்களில் எஞ்சியிருப்பது மாடும் யானையும் மிதித்துக் கலக்கிய சேற்று நீர். முன்னே போன கூட்டம் குளித்து, கால் கழுவி, சட்டி கழுவிய அதே நீரைத்தான் பின்னே வரும் கூட்டம் குடித்தது. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டால், அடுத்தடுத்து வரும் கூட்டங்கள் அத்தனைக்கும் அந்தக் குளம் நஞ்சாயிற்று.

நடப்பவர்களின் கையில் இருந்தவை சோறாக்கும் சட்டி, ஆட்களைத் திரட்டி அழைத்து வந்த கங்காணி அளந்து கொடுத்த அரிசி, ஒரு துணி மூட்டை. காலில் எதுவும் இல்லை. நல்ல உடம்புள்ளவர்கள் பத்துப் பதினைந்து நாளில் மாத்தளை சேர்ந்தார்கள். சுகமில்லாதவர்களுக்காகக் கூட்டம் நிற்க முடியாது. நின்றால் அரிசி தீர்ந்துவிடும், அடுத்த தண்ணீர் எங்கே என்பதும் தெரியாது. ஆகவே நடக்க முடியாதவர் மரத்தடியிலோ, சிங்களக் கிராமங்களின் அம்பலம எனப்படும் வழித்தங்கு மண்டபத்திலோ விடப்பட்டார். காலராவுக்கு அஞ்சிய கிராமத்தவர்கள் பாதையில் வருபவர்களை அண்டவிடாமல் ஒதுங்கிக்கொண்டதால், காசு இருந்தாலும் பல இடங்களில் சோறு கிடைக்கவில்லை. வழியோரத்தில் அடக்கம் செய்ய ஆளில்லாத உடல்களும் எலும்புகளும் கிடந்ததைக் காலனி அதிகாரிகளும் தோட்டத்துரைமாருமே எழுதி வைத்திருக்கிறார்கள். திரும்பும் பயணத்தில் வேறொரு பயமும் சேர்ந்தது: மடியில் சம்பளக் காசு இருப்பது தெரிந்து காத்திருந்த வழிப்பறிக்காரர்கள். அதனால் திரும்புகிறவர்கள் களைத்திருந்தாலும் கூட்டத்தை விட்டு ஒருவர்கூட பின்தங்கத் துணியவில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று, 1841 முதல் வந்தவர்களில் ஏறக்குறைய 70,000 பேர், அதாவது நாலில் ஒரு பங்கினர், மாண்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. வந்தவர் கணக்கிலிருந்து திரும்பியவர் கணக்கைக் கழித்துப் பெறும் இத்தகைய எண்ணில், இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களும், பதிவாகாமல் திரும்பியவர்களும் இறந்தவர்களாகிவிடுவார்கள். ஆகவே எண் மிகை என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். பாதியாக்கிக் கொண்டாலும் அது ஒரு தலைமுறையின் பேரழிவு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலேரியாக் காய்ச்சல் கொசு கடித்த அன்றே வருவதில்லை; பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாள் கழித்தே தலைகாட்டும். வறண்ட காட்டுக் குளக்கரையில் கடி வாங்கியவன், காய்ச்சலில் விழுந்தது மலைத்தோட்டத்துக்கு வந்த பிறகுதான். அப்படி இறந்தவர்கள் பாதையின் கணக்கில் வரவே மாட்டார்கள். பாதை கொன்றவர்களின் எண்ணிக்கையைப் பாதையில் கிடந்த உடல்களை மட்டும் வைத்து அளப்பது இதனால்தான் பொருந்துவதில்லை.

மாத்தளையில் காடு முடிந்தது. அம்மையும் பேதியும் துரத்திய வழியைக் கடந்து வந்தவர்களுக்கு அந்த நகரம் பெரிய ஆறுதல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே எழுந்த முத்துமாரியம்மன் கோயில் மலையகத்தின் தலையாய கோயில்களில் ஒன்றானதற்கும், தோட்டங்கள் தோறும் மாரியம்மனே முதல் தெய்வமானதற்கும், ஊரிலிருந்து கொண்டுவந்த வழிபாட்டோடு இந்தப் பாதையின் அச்சத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் மாத்தளையிலேயே வேலை கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் கண்டிக்கு நடந்து, அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாப் பக்கமோ, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கமோ ஏறினார்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். சமவெளி வெயிலுக்குப் பழகிய, காய்ச்சலிலும் பசியிலும் இளைத்த உடம்பு, ஓரிரு வாரங்களுக்குள் மழையும் பனியும் மூடிய அந்த உயரத்துக்கு வந்து நின்றது. வந்தவர்களுக்குத் தோட்டம் கொடுத்த முதல் பொருள் பெரும்பாலும் ஒரு கம்பளி. அதன் விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

விலை பிடிக்கப்பட்டது கம்பளிக்கு மட்டுமில்லை. கங்காணி முறையின் அடிப்படையே இதுதான். பெரிய கங்காணி ஊருக்கு ஆள் கட்டப் போகும்போது தோட்டத்துரை அவருக்கு ஒரு தொகை முன்பணம் கொடுப்பார். கோஸ்ட் அட்வான்ஸ் என்று தோட்டக் கணக்கில் அதற்குப் பெயர். ஊரில் ஒருவன் பட்டிருந்த கடனைத் தீர்க்கவும், குடும்பத்தின் கையில் கொஞ்சம் காசு வைக்கவும், தோணிக் கூலிக்கும், வழியில் அரிசிக்கும் கங்காணி அதிலிருந்து செலவு செய்தார். அந்தச் செலவு முழுவதும், பல சமயம் அதற்கு மேலும், தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. மன்னார்க் காட்டில் கலங்கல் நீர் குடித்து நடந்த நாட்களுக்குக் கூலி இல்லை. அந்த நாட்களில் தின்ற சோற்றுக்குக் கடன் உண்டு. வழியில் ஒருவன் இறந்தால் அவன் கடன் அவனோடு போகவில்லை; உறவினர் தலையில் விழுந்தது. பேரேட்டைத் திறக்கும் முதல் நாளே தொழிலாளி பாக்கிக்காரனாக இருந்தான்.

கங்காணிக்கோ ஆள் ஒருவருக்கு, வேலைக்கு இறங்கிய நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. ஆகவே நடந்து வந்த களைப்பு தீரும்வரை ஓய்வு கொடுப்பதில் அவருக்கு இலாபம் இல்லை. வந்த மறுநாள் விடியற்காலையிலேயே தப்பு அடித்ததும், ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். நிற்க முடியாமல் ஓடிப்போனவர்களுக்குச் சட்டம் காத்திருந்தது: 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் துண்டு வேண்டும். இந்த ஆளின் அல்லது இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறிய காகிதம் அது. புதுத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். கடன் புதுத் தோட்டத்தின் பேரேட்டுக்கு மாறும். மன்னார்ப் பாதையில் செலவான அரிசி, ஆள் எத்தனை தோட்டம் மாறினாலும் அவன் பின்னாலேயே வந்தது.

பாதையைச் சரிப்படுத்த அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1858இல் தொழிலாளர் வருகையைக் கவனிக்கச் சட்டமும் ஆணைக்குழுவும் வந்தன. வழிநெடுகக் கிணறுகள் வெட்டப்பட்டன, தங்குவதற்குக் கொட்டில்கள் போடப்பட்டன, நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்கவும் ஏற்பாடு நடந்தது. செலவை யார் ஏற்பது என்ற வாக்குவாதத்திலேயே இம்முயற்சிகள் தளர்ந்து போயின. மலையில் 1872இன் மருத்துவச் சட்டத்தின் கீழ் தோட்டப் பகுதிகளுக்கு மாவட்ட ஆஸ்பத்திரிகள் வந்தன. வழியில் பட்டதை மலையில் ஆற்ற முயன்ற ஏற்பாடு அது. 1876இல் தமிழகத்தில் தாது வருஷப் பஞ்சம் மூண்டபோது இந்தப் பாதை வழியாக வந்தவர்கள், ஊரை விட்டுக் கிளம்பும்போதே எலும்பும் தோலுமாக இருந்தவர்கள். கூலிக்கு வந்தவர்களோடு உயிர் பிழைக்க வந்த குடும்பங்களும் அப்போது காட்டைக் கடந்தன.

அந்தப் பஞ்ச காலத்திலேயே கோப்பி சாகத் தொடங்கியிருந்தது. 1869இல் கண்ட இலைத்துரு நோய் பதினைந்து இருபது ஆண்டுகளில் தோட்டங்களை அழித்தது. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பயணத்தின் தன்மை இதனால் அடியோடு மாறிற்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும்; ஒரு வாரம் பத்து நாளுக்கொரு முறை பறித்தாக வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். பருவத்துக்கு வந்துபோகும் ஆண்களின் இடத்தில், குழந்தை குட்டிகளோடு வந்து லயம் எனப்படும் வரிசை வீடுகளில் தங்கும் குடும்பங்களைத் தோட்டங்கள் தேடின. போகவர நடந்த களைப்பு குறைந்தது உண்மை. அதே சமயம், திரும்பும் வழி மெல்ல மெல்ல அடைபட்டதும் இந்தக் காலத்தில்தான். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ என்ற கதை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன பெண்ணொருத்தியின் வாழ்வின் வழியே காட்டுவது இந்த மாற்றத்துக்குப் பிந்திய உலகத்தைத்தான்.

ரயில் முதலில் கோப்பியைக் கீழே கொண்டுபோகப் போடப்பட்டது. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867, நாவலப்பிட்டிக்கு 1874, மாத்தளைக்கு 1880, ஹற்றனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885 என்று இருப்புப்பாதை மலையேறிற்று. நடந்து வருகிறவர்களுக்கு இதனால் மலையேற்றத்தின் ஒரு பகுதி மிச்சமாயிற்று. ஆனால் ஹற்றனில் இறங்கிய பிறகு பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ, நானுஓயாவில் இறங்கிய பிறகு உடப்புசல்லாவைப் பக்கத்துக்கோ மீண்டும் கால்நடைதான். இருட்டும் மழையும் கலந்த அந்தக் கடைசிச் சில மைல்களில், தலையில் மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக, அட்டை கடிக்கும் குறுக்குப் பாதையில் கங்காணியின் பின்னே ஏறிப் போவது நெடுங்காலம் தொடர்ந்தது.

பம்பாயில் 1896இல் கிளம்பிய பிளேக் நோய் இலங்கை அரசாங்கத்தைக் கலக்கியது. நடந்து வருபவர்களைப் பரிசோதிக்கவோ தடுத்து வைக்கவோ வழியில்லாத வடக்குப் பாதை 1899இல் மூடப்பட்டது. அறுபது ஆண்டுக் காலக் காட்டுநடை அதோடு முடிந்தது. அதன் பின் தூத்துக்குடியிலிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு, அங்கிருந்து நோய்த்தடுப்புக்கான றாகமை முகாம், பிறகு ரயில். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் முகாம் அமைந்தது. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணையகம் திறக்கப்பட்டு, ஆள்சேர்ப்பை ஒழுங்குபடுத்தியது. இந்தக் காலத்தின் அடையாளம் தகர டிக்கெட். தோட்டத்தின் குறியும் ஓர் எண்ணும் பொறித்த சிறிய தகர வில்லை அது. கயிற்றில் கோத்து ஆளின் உடம்பில் கட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் ரயிலில், கப்பலில், முகாமில் எங்கும் கையில் காசு இல்லாமலே போகலாம். செலவு அந்த எண்ணின் பேரில் தோட்டத்துக்குப் போகும். தோட்டம் அதைக் கங்காணி கணக்கில் எழுதும். கங்காணி ஆளின் கணக்கில் எழுதுவார். நடைக் களைப்பு குறைந்த பிறகும் வழிச்செலவு பழைய இடத்தில்தான் வந்து நின்றது.

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை இந்திய ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சில மணி நேரக் கப்பல், தலைமன்னாரிலிருந்து மதவாச்சி வழியாக இலங்கை ரயில் என்று வழி ஒரே கோர்வையாயிற்று. பாட்டன் பத்துப் பதினைந்து நாள் நடந்து கடந்த அதே வறண்ட காட்டைப் பேரன் ஓரிரவில் கோச்சி எனப்பட்ட ரயிலில் உட்கார்ந்தபடி கடந்தான். பொல்காவலையில் வண்டி மாறி, விடிந்ததும் மலை தெரியும்.

அந்த வேகத்துக்கு நடுவே ஒரு நீண்ட நிறுத்தம் இருந்தது: மண்டபம் முகாம். ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே ஐந்தாறு நாள் தடுத்து வைக்கப்பட்டன. வந்ததும் குளிக்க வேண்டும். உடுத்த துணிகளைக் கழற்றிக் கொடுத்து நீராவியில் அவிக்க வேண்டும். அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி. மருத்துவர் கண்ணையும் நாக்கையும் வயிற்றையும் பார்ப்பார். சோறு அளந்து கிடைக்கும். காய்ச்சல் உள்ளவர் தனியே வைக்கப்படுவார். அவருக்காகக் குடும்பம் காத்திருக்கும், அல்லது அவரை விட்டுவிட்டுப் போகும். காட்டில் நடந்தவர்களின் களைப்பு தசையிலும் காலிலும் இருந்தது. முகாமில் காத்திருந்தவர்களின் களைப்பு வேறு மாதிரி: செய்வதற்கு ஒன்றுமில்லாமல், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல், வெளியே போகவும் முடியாமல் கம்பி வேலிக்குள் உட்கார்ந்திருப்பது. உயிர்ச்சேதத்தைப் பெரிதும் குறைத்த ஏற்பாடு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் வகுப்பில் அதே கப்பலுக்குப் போன பயணிகள் அந்த வேலிக்குள் தங்க வேண்டியிருக்கவில்லை.

முகாம் மருத்துவர்கள் வயிற்றைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகின்றன. குடலில் கவ்விப் பிடித்து நாளும் இரத்தத்தைக் குடிக்கின்றன. மாதக்கணக்கில் இது நடந்தால் முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், ஒரு மேடு ஏறினாலே கால் துவளும். கழிப்பிடம் இல்லாத வழித்தங்கல்களிலும் லய வாசல்களிலும் ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலோடு புழங்கிய இடங்கள் இந்தப் புழுவுக்கு ஏற்ற மண்ணாயின. 1916இல் ரொக்பெல்லர் அறநிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது மாத்தளைத் தோட்டங்களைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. சோம்பேறி என்று தோட்டத்தில் திட்டு வாங்கிய பலர் உண்மையில் சோகை நோயாளிகள் என்பது அப்போது கண்ணெதிரே தெரிந்தது. களைப்பைக் குணக்குறையாகப் பார்த்த பழக்கம் அதற்குப் பிறகும் எளிதில் போகவில்லை என்பதே வருத்தம்; மருந்து கொடுத்தால் தீரும் நோய்க்கு அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளத்தை வெட்டுவது வழக்கமாகவே இருந்தது.

வழிச்செலவின் கணக்கு ஒருவழியாக மாறியது 1920களில். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் அழுத்தத்தில், இலங்கை 1923இல் புதுச் சட்டம் இயற்றியது. அதன்படி ஆள்சேர்ப்புக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு, தோட்ட உரிமையாளர்கள் செலுத்தும் பொது நிதியிலிருந்து வர வேண்டும். தொழிலாளி மேல் ஏற்றக் கூடாது. இந்திய அரசின் பிரதிநிதியொருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். முதல் கூட்டங்கள் மன்னார்க் காட்டை நடந்து கடந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்துத்தான், மலைக்கு வந்ததற்கான செலவு வந்தவனின் கடன் இல்லை என்று சட்டம் ஒப்புக்கொண்டது. அந்த நீதியை அனுபவித்த தலைமுறை சிறியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆட்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1939 ஓகஸ்டில் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலியாட்கள் போவதையே தடை செய்தது.

அதற்குப் பின் நடந்த பெரும் பயணம் எதிர்த்திசையில். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பங்கு பிரிக்கப்பட்டது. மீதி 1,50,000 பேரை 1974 உடன்பாடு பாதிப் பாதியாகப் பிரித்தது. அதே 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்து போயிற்று. ஹற்றன், நானுஓயா, தலவாக்கலை நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சியை வழியனுப்ப வந்தவர்கள் நடைமேடையில் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று அந்த வண்டிக்கே பெயர் வந்தது; எழுத்தாளர் மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பெயரை வைத்தார். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே வீடு இரண்டாகப் பிரிந்தது. போனவர்களில் பலர் மலையகத்திலேயே பிறந்தவர்கள். தாத்தா விட்டு வந்த ஊரை அவர்கள் பார்த்ததே இல்லை.

கடல் கடந்ததும் அவர்களும் மண்டபம் முகாமில்தான் இறங்கினார்கள். அங்கிருந்து நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் 1968 முதல் தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களுக்கும், கேரளத்தில் புனலூர்ப் பகுதி இறப்பர்த் தோட்டங்களுக்கும், ஆந்திரத்து நூற்பாலைகளுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். தலைமுறைகளாகத் தேயிலை பறித்த கைகள் திரும்பி வந்தும் தேயிலையே பறித்தன. பெட்டியில் கொண்டுவந்த சாமானும், அரசு தந்த கடனுதவியும் பிழைப்புத் தேடி அலைந்த மாதங்களிலேயே பலருக்குக் கரைந்துவிட்டன. வழிச்செலவு பழையபடி பயணம் செய்தவர்கள் தலையில் விழுந்தது. 1984இல் போர்ச் சூழலில் கப்பல் நின்றபோது, இந்தியா போக விண்ணப்பித்துப் பெட்டி கட்டிக் காத்திருந்த பலர் மலையகத்திலேயே தங்கினார்கள். மண்டபம் முகாம் அதன் பின் ஈழ அகதிகளின் இருப்பிடமாயிற்று.

போரில் அழிந்த தலைமன்னார் ரயில்பாதை 2015இல் மறுபடி இயங்கத் தொடங்கியது. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டு என்று குறிக்கப்பட்ட 2023இல், ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. மலையகத்தவர்களோடு வடக்குத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எனப் பலரும் அதில் சேர்ந்துகொண்டனர். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று பழைய ஊர்களைத் தொட்டு, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தனர். காணியுரிமை, வீட்டுரிமை, நியாயமான சம்பளம், சமமான குடியுரிமை ஆகிய கோரிக்கைகளை அவர்கள் வழிநெடுக முன்வைத்தார்கள்.